பேரரசரின் கல்லறைக்கு வெளியே

மனைவி மாசமாக இருக்கும்போது கணவன் சுடுகாட்டுப் பக்கம் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். இதையெல்லாம் கிண்டலடித்தே பழகியவன் நான். இரண்டாயிரத்தை ஒட்டிய அந்த நாட்களில் பெங்களூர் அலுவலகம் என்னை மூன்று வாரம் பெய்ஜிங்குக்கு அனுப்பியபோது, தொம்மலூர் வீட்டில் என் மனைவிக்கு ஐந்தாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை கலைந்திருந்தது.

சனிக்கிழமை போன் செய்தபோது, மறுநாள் மிங் பேரரசர்களின் கல்லறைகளைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன்.

"சமாதியா?" என்றாள்.

"மியூசியம் மாதிரிதாம்மா. நானூறு வருஷம் ஆச்சு."

 "சரி, பாத்துட்டு வாங்க" என்றாள். அந்தச் 'சரி' எனக்குச் சரியாகவே படவில்லை.

அங்கே எங்களோடு வேலை பார்த்த சீனப் பெண்மணி ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தன் ஞாயிற்றுக்கிழமையை எனக்காக விட்டுக்கொடுத்து அழைத்துப் போனார். வழி நெடுகக் கல் யானைகள், கல் ஒட்டகங்கள். சில நின்றன, சில மண்டியிட்டிருந்தன. வாய் பிளந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். பூமிக்கடியில் கல்லறைக்கு இறங்கும் படிக்கட்டு வந்ததும் கால் நின்றுவிட்டது. திடீரென்று எனக்கு நம்பிக்கை வந்துவிடவில்லை. இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, பிறகு ஏதாவது ஆகிவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற பயம்தான்.

கால் வலி என்று பொய் சொல்லியிருக்கலாம். சிரிக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தன் மகன் வயிற்றில் இருந்தபோது, வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட மாமியார் விடவில்லை என்றார். பிள்ளை பிறக்கும்வரை காலண்டர் தரையில்தான் கிடந்ததாம். டிக்கெட் இரண்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டு, வெளியே மரத்தடியில் என்னோடு வந்து உட்கார்ந்தார். பழம் விற்ற ஒரு கிராமத்துப் பெண்ணிடம் தக்காளி போலிருந்த பழங்களை வாங்கி, தோலை உரித்துக் கொடுத்தார். நன்றி என்றதற்கு, இன்னொன்றையும் உரித்து நீட்டினார்.

அன்று மாலை போனில், "உள்ள போகல" என்றேன்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, "சாப்ட்டீங்களா?" என்றாள். அந்தக் குரலை எனக்குக் கொடுத்தவர் அந்தச் சீனப் பெண்மணிதான் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, மரத்தடியில் நானும் அந்தச் சீனப் பெண்மணியும் கையில் பழத்தோடு எடுத்துக்கொண்ட போட்டோவைக் கண்டெடுத்தாள். ஒரு ராஜா சமாதிக்கு வெளியே எடுத்தது என்றேன்.

"ராஜா சமாதி உள்ள எப்படிப்பா இருந்துச்சு?"

"தெரியாதும்மா."

"அவ்ளோ தூரம் போயி பாக்கலையா?"

"நீ நல்லபடியா வரணும்னு நானும் இந்த ஆன்ட்டியும் வெளியவே உக்காந்திருந்தோம்" என்றேன்.