பொட்டு வைக்காத துவக்கு

நாட்டை விட்டு வந்து, மில்லிக்கனில் ஒரு வீட்டின் நிலத்துக்குக் கீழான பேஸ்மென்றில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். எனக்கு மேசை கதிரை செய்யும் தளபாடத் தொழிற்சாலையில் வேலை. அங்கே கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர், வாய்ப்பக்கமாக மருந்தும் ஈயக்குண்டும் இடித்து நிரப்பும் பழைய காலத்துத் துவக்குகளைக் கையாலேயே செய்வார். ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். எனக்கு விசர் பிடித்துவிட்டது. ஊரில் துவக்குக்கு முன்னால் கையை உயர்த்தி நின்றவன் நான். அதே சனியனை வெறும் மரமும் இரும்புமாக என் கையில் வைத்துப் பார்க்கவேண்டும் என்ற வீறாப்பு. குழாயையும் விசையையும் அவரிடமே வாங்கினேன்.

“வீட்டுக்குள்ள உது வேண்டாமப்பா” என்றாள் மனைவி. அவளுடைய தம்பியைச் சிங்கள ஆமி சுட்டுக் கொன்றது. எங்கள் கலியாணத்துக்கு முதல் நடந்தது. அது தெரிந்தும் நான் கேட்கவில்லை. என் பிடிவாதம் அப்படி. “சுடுறதுக்கில்லை, செய்து பாக்கத்தான்” என்று அவள் வாயை அடைத்தேன்.

குழாய் மரத்துக்குள் மயிரிழை இடைவெளியும் இல்லாமல் அமரவேண்டும். அதற்குக் குழாயில் விளக்குக் கரியைப் பூசி, மேப்பிள் பலகையில் அழுத்தி எடுப்பேன். கரி ஒட்டிய இடத்தில் மட்டும் உளியால் ஒரு சீவல். திரும்பப் பூசி, திரும்ப அழுத்தி, திரும்பச் சீவல். முதல் பலகையை அவசரத்தில் ஆழமாகச் சீவிப் பாழாக்கினேன். கோடை முழுக்க அதிலேயே போனது. மனைவி அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை.

சரஸ்வதி பூசை வந்தது. தொழில் ஆயுதங்களுக்குப் பொட்டு வைக்கிற நாள். உளி, அரம், சீவுளி எல்லாவற்றையும் துடைத்துப் படத்துக்கு முன்னால் பரப்பினேன். கையோடு கையாக, முடியும் தறுவாயில் இருந்த துவக்கையும் நடுவில் வைத்துவிட்டேன். அதுவும் என் வேலைதானே என்ற நினைப்பு. அவ்வளவு மடையன் நான்.

மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வந்து குந்தினாள். உளிகளுக்கு வைத்தாள். அரத்துக்கு வைத்தாள். துவக்குக்குக் கிட்டப் போன விரல் நின்றுவிட்டது.

“என்ரை தம்பியைச் சுட்டவையும் உப்பிடித்தான் துவக்குக்குப் பொட்டு வைச்சிருப்பினம்” என்றாள்.

“ஆமிக்காரனுக்கு என்ன சரஸ்வதி பூசை?”

“ஆமி இல்லை. எங்கடை இயக்கப் பெடியள்.”

ஏழு வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள். அவளுடைய தாய் தகப்பன்கூட ஆமி என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. துவக்கைத் தூக்கி மூலையில் வைத்தேன்.

“ஏன் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லை?” என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

அவள் எழும்பி ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். சந்தனம் என் உதட்டில் அப்பியது. கண்ணால் மேலே காட்டினாள். மேலே வீட்டுக்காரர் நடக்கும் சத்தம் கேட்டது. எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள், நல்ல மனிதர்கள், இயக்கப் பெடியள் என்றால் உயிர்.

“மெல்லக் கதையுங்கோ” என்றாள். “அவைக்குக் கேட்கும்.”