கோவில்பதாகையில் தண்ணீர் வராத தெரு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வேலை பார்த்து ஓய்வு பெற்ற பால்ராஜ், இயல்பில் பொய் சொல்லத் தெரியாதவர். வீட்டை விற்க முடிவு செய்த பிறகுதான் பழகிக்கொண்டார்.

வீடு கோவில்பதாகையில், ஏரிக்குப் பக்கத்தில். முன்பெல்லாம் மழை பெய்தால் வாசல் நனையும். இப்போது ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டுகிறது. தண்ணீர் உள்ளே வந்து கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்கிறது. போன கார்த்திகையில் படகில் ஏற்றி அனுப்பிய மனைவி ஹில்டா, நேராக மாங்காட்டில் உள்ள தங்கை வீட்டுக்குப் போனவர்தான், திரும்பவில்லை.

"ஊட்ட வித்துட்டு வாங்க. அப்பால பேசலாம்" என்றுவிட்டார்.

அன்றிலிருந்து பால்ராஜ் தானே சமைத்து, தானே குறை சொல்லிச் சாப்பிட்டு வருகிறார். ஹில்டா இல்லாத வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

தெருவில் பாதி வீடுகள் விற்பனைக்கு நின்றன. ஒரு வீட்டில் தண்ணீர் வந்ததாகத் தெரிந்தால் எல்லா வீட்டுக்கும் விலை விழும். ஆகவே யாரும் கூடிப் பேசாமலேயே தெரு முழுக்க, இங்கே தண்ணீரே வராது என்ற ஒரே பதில் புழக்கத்தில் இருந்தது.

அந்தத் தெருவுக்குத்தான் கிருஷ்ணப்பிரியா என்ற பெண் டேப்லெட்டுடன் வந்து சேர்ந்தாள். பருவநிலை மாற்றத்தால் குடும்பங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்கிடும் ஆய்வாம்.

"வெள்ளத்துல என்னென்ன சார் போச்சு?"

"வெள்ளமா? அதெல்லாம் டிவில பாக்கறதோட சரிம்மா."

"சுவிட்ச் போர்டெல்லாம் ஏன் சார் இவ்ளோ உயரத்துல?"

"என்னால குனிய முடியாதும்மா."

அவள் பூஜ்யம் போட்டாள். எல்லா வீட்டிலும் அதேதான். இத்தனை ஏரிக்கு நடுவே பருவநிலை மாற்றம் ஒரு பைசாவுக்குக்கூடச் சேதம் செய்யாத தெரு ஒன்று ஆய்வில் பதிவானது. அவளுடைய மேலதிகாரி, வடிகால் வசதி பிரமாதம் போலிருக்கிறது என்றாராம்.

அடுத்த ஞாயிறு பால்ராஜ் சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்தபோது, கிருஷ்ணப்பிரியா தன் அம்மாவோடு வாசலில் நின்றாள்.

"நாங்க வாடகைக்கு இருக்கிற வீட்ல வருஷா வருஷம் தண்ணி சார். நான் பார்த்ததுல உங்க தெரு ஒண்ணுதான் சேதமே இல்லாதது. இந்த வீட்டை எங்களுக்கே குடுத்துடுங்க."

சொன்ன விலைக்குத் தலையாட்டினாள். பேரமே பேசாதது பால்ராஜுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. சமையலறைக்குப் போய் ஹில்டாவுக்கு போன் போட்டார்.

"ஊடு முடிஞ்ச மாதிரிதான் ஹில்டா! மாங்காட்டுலயே ஒண்ணு பாத்துக்கலாம்."

"யாரு வாங்கறாங்க?"

"சர்வே எடுக்க வந்த பொண்ணு. அம்மாவ இட்டுகினு வந்துகீது."

"அந்தம்மாவுக்கு இன்னா வயசு?"

பால்ராஜ் எட்டிப் பார்த்தார். அந்த அம்மாள் கூடத்தில் நின்று, எங்கே சாமி படம் மாட்டலாம் என்று மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உன் வயசுதான் இருக்கும்."



"தண்ணி வரும்னு சொன்னீங்களா?"

தண்ணீர் வருமா என்று எத்தனையோ பேர் கேட்டபோது கூசாமல் பொய் சொன்னவர். ஹில்டாவிடம் அவருக்குப் பொய் வரவில்லை. "இல்ல" என்றார்.

"வாணாங்க. உண்மையச் சொல்லி அனுப்பிடுங்க. நான் ஊட்டுக்கு வந்துர்றேன்."

பால்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. வீடு விற்காத சந்தோஷத்தை முகத்தில் மறைக்கத் தெரியாமல் கூடத்துக்கு வந்தார்.

"இடுப்பு வரைக்கும் வரும்மா" என்றார்.