சைக்கிள் ரிம்மில் செய்த கிறிஸ்துமஸ் மரம்

போன வாரம் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு கடைக்குக் கையுறை வாங்கப் போனேன். கடைக்காரத் தம்பி சும்மா இருக்காமல் ஒரு பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரத்தைத் தூக்கி என் முன்னால் வைத்தான். "வாசல்ல வைங்கக்கா. பேட்டரிதான். மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. சும்மா தொட்டுப் பாருங்க" என்றான். நான் தொடவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அலமாரியிலிருந்து பாச்சை உருண்டை வாசனை வந்தது. அவ்வளவுதான். கையுறையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்தைந்து வயதுப் பொம்பளை பாச்சை உருண்டைக்கு அழுதாள் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரிங்க, பரவாயில்லை. ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரிங்க.

எங்கள் அப்பா ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்த்தார். தோட்டம், குழாய், கரண்ட் என்று அங்கே எல்லாச் சோலியும் அவர்தான். மற்ற ஆம்பளைகள் சட்டைப் பையில் பேனா குத்தியிருப்பார்கள். அப்பா டெஸ்டர் குத்தியிருப்பார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் அது கூட வரும். "சாமியாருக்குக் கரண்டு இருக்கான்னு பாக்கப் போறீங்களா?" என்று அம்மா கேலி செய்வாள்.

அந்தக் காலத்தில் கொடைக்கானலில் கிறிஸ்துமஸ் வந்தால் சைப்ரஸ் கிளை, பைன் கிளை என்று வெட்டிக்கொண்டு வந்து நடுவார்கள். அப்பாவுக்கு அது பிடிக்காது. "வெட்டுன மரம் பத்து நாள்ல காஞ்சிரும். நான் செய்யிறது நம்ம காலத்துக்கும் கெடக்கும்" என்பார். ஒரு பெயிண்ட் டின்னில் சிமெண்டை ஊற்றி, நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய் நிறுத்துவார். அடியில் பழைய சைக்கிள் ரிம். குழாய் உச்சியிலிருந்து ரிம் வரைக்கும் கட்டுக்கம்பியைச் சுற்றிலும் இழுத்துக் கட்டினால் கூம்பு வந்துவிடும். அதன்மேல் சீரியல் செட்டை வளைத்து வளைத்துச் சுற்றி, உச்சியில் தகர நட்சத்திரம் செருகினால் மரம். செலவென்று பார்த்தால் சீரியல் செட்டுக்கு மட்டும்தான். "பகல்ல பாத்தா கோழிக்கூண்டு, பொழுது சாஞ்சா மரம்" என்பாள் அம்மா. எங்கள் தெருவில் இன்னும் நாலு வீட்டுக்கு அப்பா செய்து கொடுத்திருந்தார். பனி இறங்கின சாயங்காலத்தில் அஞ்சு மரமும் எரியும்போது, சொன்னால் நம்பமாட்டீர்கள், அத்தனை அழகாக இருக்கும்.

செய்வது கால்வாசி வேலை. எடுத்து வைப்பதுதான் முக்கால்வாசி. ஜனவரி ஆறாம் தேதி, மூணு ராஜாக்கள் திருநாள் முடிந்த மறுநாளே சீரியல் செட்டைக் கழட்டி ஒரு பலகையில் சுற்ற வேண்டும். பலகை பெரிய பிஸ்கட் டின்னுக்குள் போகும், கூடவே நாலு பாச்சை உருண்டை. அதற்கப்புறம் குழாயை உருவினால் கம்பிகள் குடை மடக்கின மாதிரி ரிம்முக்குள் சுருண்டுவிடும். அதைக் கேரட் சாக்கில் கட்டிப் பரணில் போடலாம்.

"இரும்பு தனி, ஒயர் தனி. சேத்துப் போட்டா சாக்குக்குள்ள எலி போயி ஒயரக் கடிக்கும். கடிச்ச ஒயர் இரும்புல பட்டா ஆளையே கொன்னுரும்" என்று வருஷா வருஷம் சொல்வார். டிசம்பரில் மரத்தை நிறுத்தி சுவிட்ச் போட்டதும் முதலில் கம்பியில் டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். "ம், வாங்க" என்று அவர் சொல்கிறவரைக்கும் யாரும் வாசலில் கால் வைக்கக் கூடாது.

இப்படி இரண்டு பேர் ஒரே வீட்டில் எப்படித்தான் சேர்ந்தார்களோ, அம்மாவுக்கு வேறொரு கிறுக்கு. எதுவும் கோணலாக இருக்கக் கூடாது. காலண்டர் சாய்ந்திருந்தால் சோறு இறங்காது. ஒருமுறை பூசை நடுவிலேயே எழுந்துபோய்ப் பீடத்து மெழுகுவர்த்தியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தாள். எனக்கும் அப்பாவுக்கும் மானம் போயிற்று.

நான் இந்த இரண்டு பேருக்கும் பிறந்தும் அசல் வாழைப்பழச் சோம்பேறி. அப்போது எனக்கு இருபத்தொரு வயது, ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் வேலை. அந்த வருஷம் ஜனவரியில் அப்பா செடி வெட்டுகிற கத்தரியில் இரண்டு விரலை வெட்டிக்கொண்டு கட்டுப் போட்டிருந்தார். புதுப் பாச்சை உருண்டைப் பாக்கெட்டை என் கையில் கொடுத்து, "இந்தத் தடவை நீ எடுத்து வச்சிரு பாப்பா" என்றார். வெளியே விரல் விறைக்கிற குளிர். லாட்ஜுத் தோழிகள் சினிமாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பல்பைக் கழட்டவே இல்லை. குழாயை உருவி, ஒயரும் கம்பியுமாக அப்படியே சாக்கில் திணித்துப் பரணில் ஏற்றினேன். வெறும் பலகையையும் பிரிக்காத பாக்கெட்டையும் டின்னில் போட்டு மூடி, அதையும் பரணில் வைத்தேன்.

"ஒயர டின்னுல வச்சிட்டியா?"

"வச்சிட்டேன்பா."

டிசம்பர் வந்தது. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது, அப்பா சாக்கைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று, அவர் வேலைக்குப் போனதும் நானே வெரசா மரத்தை இறக்கி வாசலில் நிறுத்தினேன். ஒரு இடத்தில் எலி கடித்திருந்தது. அப்பா பெட்டியிலிருந்து டேப் எடுத்து ஒட்டினேன். என் கண்ணில் பட்டது அந்த ஒரு இடம்தான்.

சாயங்காலம் அப்பா வந்து பார்த்துவிட்டு, "அட, பாப்பா தேறிட்டாளே!" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்தச் சந்தோஷம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. உள்ளே போய் சுவிட்சைப் போட்டார். மரம் எரிந்தது. பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக்கொண்டு வெளியே வரப் பார்த்தார். பக்கத்தில் வந்து பார்த்தால் டேப்பைக் கண்டுபிடித்துவிடுவாரே என்று நான் வாசலில் நின்றபடியே ஜன்னல் வழியாகக் கத்தினேன்:

"அதெல்லாம் மத்தியானமே பெட்டியில கெடந்த பழைய டெஸ்டர வச்சுப் பாத்துட்டேன்பா!"

அப்பா டெஸ்டரைத் திரும்பப் பையில் குத்திக்கொண்டார்.

அம்மா அரிசி களைந்த ஈரக் கையோடு மறுபடி வாசலுக்கு வந்தாள். காலில் செருப்பில்லை, புல்லெல்லாம் பனி ஈரம். "நட்சத்திரத்தப் பாரு, கோணிக்கிட்டு நிக்கிது" என்று எட்டி அதைப் பிடித்தாள்.

சத்தமே வரவில்லை. அம்மா ஏன் மரத்தைப் பிடித்துக்கொண்டே நிற்கிறாள் என்றுதான் நினைத்தேன். அப்பாதான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். விளக்கு அணைந்த பிறகுதான் அம்மா விழுந்தாள்.

ஆஸ்பத்திரியிலும் போலீஸ்காரரிடமும் அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார். "நான் டெஸ்டர் வச்சுப் பாக்காமப் போட்டுட்டேன்." நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அடக்கம் முடிந்து வந்து, ஹேக்சா பிளேடை எடுத்து அந்தக் குழாயையும் ரிம்மையும் துண்டு துண்டாக அறுத்தார். தெருவில் மற்ற நாலு மரங்களும் அன்றைக்கே இறங்கின. "கரண்டு வேலை பாக்குறவன் பொண்டாட்டிய அவனே கொன்னுட்டான்" என்று ஊர் அவர் காதுபடவே பேசியது. கெஸ்ட் ஹவுஸில் இனி தோட்டத்தை மட்டும் பாருங்க என்றுவிட்டார்கள். அதற்கப்புறம் அவர் சட்டைப் பையில் டெஸ்டரைப் பார்க்கவில்லை. எங்கேயாவது தூக்கிப் போட்டிருப்பார் என்று நினைத்தேன்.

சொல்லிவிடலாம், இந்தக் கிறிஸ்துமஸுக்குச் சொல்லிவிடலாம் என்று இருபத்து நாலு வருஷம் ஓட்டினேன். கட்டினவரிடம்கூடச் சொல்லவில்லை. போன தவக்காலத்தில் அப்பா படுத்த படுக்கையானார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நாந்தான் பாக்கல பாப்பா" என்றார். "விடுங்கப்பா, அதையே நெனைக்காதீங்க" என்று நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். கேட்டீர்களா இந்தக் கொடுமையை? நான் அவருக்கு!

அடக்கம் முடிந்து வீட்டை ஒதுங்க வைக்கும்போது, அவர் கட்டிலுக்கடியில் அந்தப் பிஸ்கட் டின் இருந்தது. பரணில் நான் வைத்த டின். துருப்பிடித்து மூடி இறுகியிருந்தது. கரண்டிக் காம்பை விட்டு நெம்பித்தான் திறந்தேன். உள்ளே ஒயர் சுற்றாத பலகை. அதன்மேல் நான் போட்ட பாக்கெட். பாக்கெட்டுக்கு மேலே அப்பாவுடைய டெஸ்டர்.

டெஸ்டரை வைக்கத் திறந்த அன்றைக்கே எல்லாம் பார்த்திருக்கிறார். நான் பல்பைக் கழட்டவில்லை, வச்சிட்டேன் என்றது பொய், பாத்துட்டேன் என்றதும் பொய் என்று அப்போதே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் ஊரிடம் நாந்தான் நாந்தான் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். தெரிந்துதான் என்னுடைய ஆறுதலையும் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் தெருவில் இப்போது கம்பி மரம் ஒன்றுகூட இல்லை. கடைசியாக மிஞ்சின ரிம்மில் பக்கத்து வீட்டில் கொஞ்ச காலம் அவரைக் கொடி படர்ந்தது. அதுவும் துருவேறிப் போயிற்று. அந்தப் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வாய் பிரிக்கவே இல்லை. உள்ளே உருண்டை ஒன்றும் இல்லை, தானாகவே கரைந்து போயிருந்தது. கழட்டலப்பா, பொய் சொன்னேன்பா என்று சொல்ல எனக்கு ஆள் இல்லை. அதனால்தான் உங்களைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.