எட்டாம் வீட்டுச் செவ்வாய்

ஜெகதீஸ்வரி ரீச்சரின் கோபத்தை வட்டக்கச்சிப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அறிவார்கள். அது செவ்வாய்க் கிரகத்தின் மேல் என்பதைச் சிலரே அறிவார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கிளிநொச்சிக் கொலனியில் காடு வெட்டிய ஐயாத்துரையின் மூத்த மகள் அவர். அவர் பிறந்தபோது குடிசையில் மணிக்கூடு இல்லை. மெயில் வண்டி கூவியது. அது வரவேண்டிய நேரத்தையே பிறந்த நேரமாகச் சாத்திரியாரிடம் சொன்னார் ஐயாத்துரை. கொலனியில் பல பிள்ளைகளின் சாதகம் அப்படித்தான் எழுதப்பட்டது. சாத்திரியார் எட்டாம் வீட்டில் செவ்வாயை இருத்தினார்: புருசனுக்கு ஆகாது. இரண்டு சம்பந்தங்கள் அதனாலேயே முறிந்தன.

1963இல் வானியல் பாடம் படிப்பிக்கும் முறை ரீச்சருக்கு வந்தது. ஆங்கில அகராதியைத் திறந்தார். ‘பிளானெட்’ என்றால் கிரேக்கத்தில் அலைவது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். ‘மார்ஸ்’ உரோமரின் போர்த் தெய்வம். பிரெஞ்சுக்காரர் செவ்வாய்க்கிழமைக்கும் அவன் பெயரையே வைத்திருந்தார்கள். பாரசீகத்தில் என்னவென்று, வேலூர் மதரசாவில் பாரசீகமும் ஓதிவந்த சக ஆசிரியர் முத்தலிப் மாஸ்டரைக் கேட்டார்.

“பஹ்ராம். வெற்றி எண்டு கருத்து. அரசர்மாரே அந்தப் பேரை ஆசையா வச்சிருந்தவை.”

“அங்கை அரசன்ரை பேர். இஞ்சை வந்து என்ரை கழுத்திலை குந்தியிருக்குது!”

‘டிசாஸ்டர்’ என்ற சொல்லில் அகராதியை அடித்து மூடினார். அதுவும் பிரெஞ்சு வழி வந்ததுதான். கெட்ட நட்சத்திரம் என்பது அதன் வேர். “வெள்ளைக்காரனும் பழியைத் தூக்கி வானத்திலைதான் போட்டிருக்கிறான், மாஸ்டர்.”

அந்த மாதமே அக்கராயன் ஓவசியர் தில்லைநாதன் பெண் கேட்டு வந்தார். வாய்க்கால் வேலையை மேற்பார்க்க வந்துபோனபோது பழகியவர்; ரீச்சருக்கு அவரைப் பிடித்திருந்தது. கூட வந்த தாய் நேசமலர் சாதகத்தைப் பார்த்துவிட்டு, முற்றத்துக் கதலி வாழையைக் காட்டினார்.

“முதல் இதுக்குப் பிள்ளையைக் கட்டிவைப்பம். பிறகு வாழையை வெட்டிவிட்டால் தோசம் அதோடை சரி. என்ரை மகனுக்கு ஒண்டும் வராது.”

ஐயாத்துரை தலையாட்டினார். ரீச்சர் தில்லைநாதனைப் பார்த்தார்.

“நீங்கள் சொல்லுங்கோ.”

“அம்மாவின்ரை மனத்துக்காக... ஒரு வாழைதானே, ஜெகதீஸ்.”

“ஒரு வாழைதானோ? வெள்ளைக்காரனுக்குச் செவ்வாய் சும்மா வானத்திலை அலையிறது. எங்களுக்குத்தான் கிரகம், ஆளைப் பிடிக்கிறது! நான் வாழைக்குப் பெண்சாதியாகி, அதுக்குத் தாலியறுத்து, பிறகு உங்கடை வீட்டுக்கு வரவோ? எழும்புங்கோ.”

“வாயை மூடடி!” என்றார் ஐயாத்துரை.

“அண்டைக்கு மெயில் நேரத்துக்கு வந்ததோ எண்டு ஆரைக் கேட்டனீங்கள் அப்பா?”

தில்லைநாதன் தாயின் முகத்தைப் பார்த்தார். பிறகு சைக்கிளை எடுத்தார்.

அவர்கள் படலை தாண்டுமுன்பே ரீச்சர் கத்தியோடு முற்றத்தில் இறங்கி அந்த வாழையை வெட்டிச் சாய்த்தார். மரத்திலேயே பழுக்கத் தொடங்கியிருந்த குலை. மறுநாள் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்.

முத்தலிப் மாஸ்டர் பழத்தை உரித்தபடி கேட்டார்: “என்ன விசேசம், ரீச்சர்?”

“என்ரை மாப்பிள்ளையின்ரை செத்தவீடு. இன்னொண்டு எடுங்கோ.”