மைனஸ் 2.27

பதினொன்று. இசக்கிச்செல்வி பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகு கழிந்த வருடங்கள் அவை. இதற்குள் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், சங்கரன்கோவில் நூற்பாலை ஒன்றில் வேலை எல்லாம் வந்துவிட்டன. எலக்ட்ரானிக்ஸ் பேப்பரில் பாஸ் மட்டும் வரவில்லை. ஆலையின் மின்பராமரிப்புப் பிரிவுக்கு அவளை மாற்றச் சம்மதித்த மேனேஜர், டிப்ளமோ சான்றிதழ் கையில் இருக்க வேண்டும் என்றுவிட்டார். பழைய மாணவர்களுக்கு வருகிற தேர்வுதான் கடைசி வாய்ப்பு என்று கல்லூரியிலும் சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மடிக்காத துணிகளை ஒதுக்கிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து ஒரே கணக்கை நாலாவது தடவையாகப் போட்டாள். ஒன்றரை வோல்ட் பேட்டரி, 220 ஓம் ரெசிஸ்டர், ஒரு எல்.இ.டி. எல்.இ.டி.யும் டயோடுதான், எரியும்போது இரண்டு வோல்ட்டை அது எடுத்துக்கொள்ளும். கரண்ட் எவ்வளவு? ஒன்றரையில் இரண்டைக் கழித்து 220ஆல் வகுத்தாள். மைனஸ் 2.27 மில்லி ஆம்பியர். டயோடில் கரண்ட் ஒரு பக்கம்தான் போகும் என்று புத்தகமே சொல்கிறது. பிறகு இந்த மைனஸ் எங்கிருந்து வருகிறது? போன தேர்வில் எரிச்சல் தாங்காமல் மைனஸை மட்டும் அழித்துவிட்டு எழுதினாள். மார்க் விழவில்லை.

அவள் முணுமுணுப்பைக் கேட்டு, வயர்மேனான கணவன் சுடலைமணி தன் பையோடு வந்தான். மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றான். டி.வி. ரிமோட்டிலிருந்து ஒரு பேட்டரியைக் கழற்றி, பையிலிருந்த எல்.இ.டி.யையும் ரெசிஸ்டரையும் இணைத்தான். எரியவில்லை. எல்.இ.டி.யை மாற்றினான். அதுவும் எரியவில்லை. மூன்றாவதையும் குப்பைக்கூடையில் போட்டான்.

"எரியலைன்னா லைட்ட மாத்தணும். முப்பது வீட்டுக்கு வயரிங் பண்ணவன் சொல்லுதேன்."

"முப்பது வீட்லயும் இப்படித்தான் நல்ல லைட்ட தூக்கி எறிஞ்சியளா?"

கூடையிலிருந்து ஒரு எல்.இ.டி.யைப் பொறுக்கினாள். ரிமோட்டின் இன்னொரு பேட்டரியையும் பிடுங்கி, முதல் பேட்டரியோடு வரிசையாகச் சேர்த்தாள். மூன்று வோல்ட். பளிச்சென்று எரிந்தது. கோளாறு வயரில் இருந்திருக்குமோ என்று சுடலைமணி அதைத்தான் உற்றுப் பார்த்தான்.

அவள் நோட்டைத் திருப்பினாள். எல்.இ.டி. எரிவதாக முதலிலேயே வைத்துக்கொண்டுதான் இரண்டு வோல்ட்டைக் கழித்திருக்கிறாள். ஒற்றை பேட்டரியில் அது எரியவே இல்லை. அப்படி வைத்துக்கொண்டது தப்பு என்று சொல்லத்தான் மைனஸ் வந்து நின்றிருக்கிறது. கரண்ட் பூஜ்யம்.

"எரியுதுன்னு வச்சுக்கிட்டுப் போடு, மைனஸ் வந்தா எரியலன்னு எழுதுன்னு ஒரு வரி. அதச் சொல்ல ஒரு வாத்தியாருக்கும் வாய் வரலியே" என்றாள் புத்தகத்திடம்.

சுடலைமணி கிரிக்கெட் ஆரம்பித்துவிட்டது என்று சொல்லி பேட்டரிகளைக் கேட்டான். இன்னும் ஆறு கணக்கு இருக்கிறது என்று அவள் தரவில்லை.

தேர்வு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, திருநெல்வேலியில்.