மல்லி நடந்த வேகத்தில்

நான் கால்நடை மருத்துவர் சிவராமன், வலங்கைமான். பிலோமினா அம்மாவின் மறைவை இன்னும் அறியாதவர்களுக்குத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் காலை, மாரடைப்பு. நேற்று மாலை அடக்கம் முடிந்தது.

இந்தப் பக்கத்துக் கல்யாணங்களுக்கு வெள்ளைக் குதிரை பூட்டிய சாரட்டு ஓட்டி வந்தவர் அவர். இதைப் படிக்கும் சிலர் அதில் மாப்பிள்ளையாக உட்கார்ந்து போயிருப்பீர்கள்... கடிவாளம் பிடித்திருந்த, கண்ணாடி போட்ட அம்மாவை நினைவிருக்கும்.

குதிரையின் பெயர் மல்லி. அதன் பின்னங்கால்கள்தான் எங்களை அறிமுகப்படுத்தின.

கொட்டகையை விட்டு வெளியே வரும்போது காலை மடக்காமல் இழுத்து இழுத்து வைக்கிறது என்று ஒருநாள் அழைத்தார். பரிசோதித்ததில் மூட்டுத் தேய்மானம். குணமாகாது, பராமரிக்கலாம் என்று உள்ளதைச் சொன்னேன்.

சிமெண்டுத் தரையில் வைக்கோலைக் கனமாகப் பரப்ப வேண்டும். பின்னங்கால்களைக் கயிற்றால் பின்னுக்கு இழுத்துக் கட்டும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். வலி மருந்து, நான் சொல்லும் அளவைத் தாண்டக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் மெதுவாக நடத்த வேண்டும். கால் பிடித்துக்கொண்ட குதிரைக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்துக் கட்டியே போடுவது இங்கே பலர் செய்யும் தவறு. நிற்க நிற்க மூட்டு இறுகும்.

“அதுக்குப் பின்னங்கால், எனக்கு முழங்கால். சேந்தே நடந்துக்குறோம், விடுங்க டாக்டர் தம்பி” என்றார்.

அன்று முதல் குடமுருட்டி ஆற்றங்கரையில் இருவரும் நடந்தார்கள். ஐப்பசி மழையிலும்... தலையில் ஒரு யூரியா சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு.

மல்லிக்குக் கொடுத்த தைலத்தைத் தன் முழங்காலுக்கும் தடவிக்கொள்ளலாமா என்று ஒருமுறை கேட்டார். மனிதர்களுக்கு மருந்து சொல்ல எனக்கு அனுமதியில்லை என்று மறுத்து, தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

போய்வந்து என்னிடம் சண்டை பிடித்தார். “அங்கயும் நடங்கன்னுதான் சொல்றாங்க. இதுக்கா பஸ் ஏத்தி விட்டீங்க?”

திருவாரூரில் ஒரு கல்யாணம். நானும் அழைக்கப்பட்டிருந்தேன். மண்டபத்து வாசலில் மல்லியைப் பின்னங்கால்களில் எழுந்து நிற்க வைக்கச் சொல்லி மாப்பிள்ளையின் தோழர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். வீடியோ எடுக்க வேண்டுமாம்.

அம்மா இறங்கவேயில்லை. “மொதல்ல மாப்பிள்ளைய ஒத்தக் கால்ல நிக்கச் சொல்லுங்க தம்பி. அவரு நின்னுட்டா மல்லியும் நிக்கும்” என்றார். மாப்பிள்ளையே சிரித்துவிட்டார்.

போன மழைக்காலத்துக்குப் பிறகு, இனி வண்டி இழுக்கக் கூடாது என்று நான் சொல்ல வேண்டி வந்தது. அம்மா வாதாடவில்லை. சாரட்டின் மேல் தார்ப்பாயைப் போர்த்தினார். நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விட்டு மல்லிக்குத் தீவனம் போட்டார்.

நேற்று நான் போனபோது அந்தத் தார்ப்பாய் விலக்கப்பட்டிருந்தது. சாரட்டைக் கழுவியிருந்தார்கள்.

அவருடைய ஒரே மகள் ரோஸ்லின் என்னைக் கொட்டகைப் பக்கம் அழைத்துப் போனார். “அம்மாவ மல்லிதான் சார் கொண்டு போகணும். இன்னிக்கு ஒரு நாள்தானே... வலி தெரியாம ஒரு ஊசி போட முடியாதா?”

முடியும். அப்படிப்பட்ட ஊசி இருக்கிறது. தாயை இழந்து நிற்பவரிடம் அதை மறைக்கவும் முடியவில்லை.

“போடலாம்மா. வலி தெரியாம இழுத்துடும். ஆனா நாளைக்கு எந்திரிக்காது.”

அவர் குனிந்து மல்லியின் பின்னங்காலைத் தடவினார். பிறகு, கூட நடக்கவாவது விடுங்கள் என்றார். நடக்கலாம் என்றேன்.

பெட்டியைத் தோளில் தூக்கினார்கள். பின்னால் மல்லி. கழுத்துக் கயிறு ரோஸ்லின் கையில்.

சாவு வீட்டுக் குழப்பத்தில் இரண்டு நாளாக யாரும் மல்லியை வெளியே விடவில்லை. முதல் அடிகளைப் பார்க்க முடியவில்லை... குளம்பு நுனி தார்ச் சாலையில் தேய்ந்துகொண்டே வந்தது.

பேண்டு வாத்தியம் எங்கோ முன்னால் போய்விட்டது. அப்போது பெட்டி தூக்கியவர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். “மெதுவா போங்கப்பா. மல்லி வருது” என்றார்.

அதன் பிறகு ஊர்வலம் முழுவதும் அந்தக் குதிரையின் வேகத்தில் நடந்தது. தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டே போனார்கள்.

கல்லறைத் தோட்டத்துக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஆற்றங்கரைக்கு இடப்பக்கம்.

மல்லி இடப்பக்கம் திரும்பி நின்றுவிட்டது. ரோஸ்லின் கயிற்றை இழுத்தார்... வரவில்லை. அதுவரை அழாதவர், அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

“நீங்க அம்மாகிட்ட போங்க” என்று கயிற்றை வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் வலப்பக்கம் போனார்கள். நான் மல்லியோடு கரைக்குப் போனேன். அடக்கத்தை நான் பார்க்கவில்லை. மாதா கோயில் மணி மட்டும் கேட்டது.

மல்லியை விற்பதா, வைத்துக்கொள்வதா என்று குடும்பம் இன்னும் முடிவு செய்யவில்லை. ரோஸ்லின் திருச்சியில் வேலை பார்க்கிறார். அவரை அவசரப்படுத்த எனக்கு உரிமையில்லை. ஆனால் மூட்டு அதுவரை காத்திருக்காது.

பிலோமினா அம்மா, அமைதியாக உறங்குங்கள்.

மருத்துவமனை நாளை வழக்கமான நேரத்தில் திறந்திருக்கும். அதற்கு முன், விடிந்ததும், நான் மல்லியை நடத்தப் போகிறேன்.