சுகதன் மாலை போட்ட படம்

திருவனந்தபுரத்தில் சீரியல் எடுப்பவர்கள் நடுவே சுகதனைத் தெரியாதவர்கள் இல்லை. காட்டாக்கடைக்காரன். பத்தொன்பது வயதில் ஷூட்டிங் வேடிக்கை பார்க்கப் போனவன், விளக்கைக் கட்டத் தென்னை மரத்தில் ஏற ஆளில்லாமல் எல்லோரும் அண்ணாந்து நின்றபோது சட்டையைக் கழற்றிவிட்டு ஏறினான். அன்றைக்கு இறங்கியவன் வீட்டுக்குப் போகவில்லை. இருபத்தேழு வருஷமாகிவிட்டது. தாலிச்சரடு முதல் சவப்பெட்டி வரை, காமிரா முன் வருகிற எல்லாப் பொருளுக்கும் அவன்தான் பொறுப்பு.

ஆவி பறக்கும் புட்டு வேண்டுமென்றால், வெந்நீரில் முக்கிய பஞ்சை இலைக்கு அடியில் ஒளித்து வைப்பான். பதினாலு டேக் போனாலும் ஆவி அடங்காது. கைக்குழந்தை அழுது ஊரைக் கூட்டினால், மூன்று கிலோ அரிசியைத் துணியில் சுற்றி நடிகையின் கையில் கொடுப்பான். வெறும் துணி என்றால் தோள் தாழாது, பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பான். "முடியாது" என்ற சொல்லை அவன் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

2008ஆம் வருஷம் பொங்குமூட்டில் ஒரு வாடகை வீட்டில் படப்பிடிப்பு நடந்தது. கதாநாயகியின் இறந்துபோன அப்பாவாகச் சுவரில் தொங்க ஒரு படம் வேண்டும். அதற்கு ஒப்புக்கொண்டிருந்த நாடக நடிகர் அன்று காலையில் கையை விரித்துவிட்டார். "மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கு. சம்பந்தி வீட்டுக்காரங்க டி.வி.யில என்னை மாலையோட பாத்தா நல்லாவா இருக்கும்?" என்றார். இரண்டு மணிக்கு முதல் காட்சி. சுகதன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சாலை என்ற பெயருள்ள பழைய கடைத்தெருவுக்குப் போனான். அங்கே பீர்முகமது கண்ணாடிச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார்.

"பீரண்ணா, செத்துப்போன மாதிரி ஒரு ஆள் வேணும்."

"மாதிரியா, இல்ல செத்தவனேதான் வேணுமா?"

"யாரும் தேடி வராத ஆளாப் பாத்து எடுங்க."

பீர்முகமது பரணில் கைவிட்டுத் தூசியோடு ஒன்றை உருவினார். "ரோட்டை அகலப்படுத்த என் பழைய கடைய இடிச்சாங்கல்ல, அப்ப அள்ளிட்டு வந்தது. பதினோரு வருஷமாச்சு. ஒருத்தரும் கேட்டு வரல. கொண்டு போ."

முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஆள். அகலக் காலர் சட்டை, அடர்ந்த மீசை, இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய தழும்பு, சிரிப்பதற்கு ஒரு நொடி முந்திய முகம். அருமையான அப்பா முகம் என்று சுகதனுக்குத் தோன்றியது. ஒன்றரை மணிக்கெல்லாம் அந்த ஆள் சுவரில் இருந்தார். முல்லைப்பூ மாலையும் முன்னால் ஒரு சிவப்பு பல்பும் போட்டான். டைரக்டர் ஜயதேவன் பார்த்துவிட்டு, "எங்கண்ணா புடிச்சீங்க இந்த ஆளை?" என்று அவன் முதுகில் தட்டினார். கதாநாயகி அந்தப் படத்தின் முன்னால் நின்று அழுத அழுகைக்கு ஊரெல்லாம் கண்ணீர் விட்டது.

படம் ஏறி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு நாள் காலையில் சுகதன் புதுமாலையைப் படத்தில் குண்டூசியால் குத்திக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் வந்திருப்பதாகக் காவலாளி சொன்னான். வெளியே போனான். முப்பத்தெட்டு, நாற்பது வயதிருக்கும். கையில் மடக்குக் குடை, மார்போடு அணைத்த பிளாஸ்டிக் பை.

"இந்த சீரியல்ல அப்பா படத்தை மாட்டினது யாரு சாரே?"

"நான்தான்," என்றான் சுகதன். பாராட்ட வந்திருக்கிறாள் என்றே நினைத்தான்.

"அவரு எப்ப செத்தாரு? தேதிய மட்டும் சொன்னாப் போதும்."

சுகதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தங்கச்சி, அது கதையாக்கும். அப்படி யாரும் சாகல."

"அது கதைன்னு எனக்கும் தெரியும் சாரே. நான் கேக்கது அவரை. எனக்க வீட்டுக்காரரு."

கையில் மிச்சமிருந்த குண்டூசி சுகதனின் விரலில் ஏறியது. வலிக்கவில்லை. ரத்தம் சட்டையில் பட்ட பிறகுதான் குனிந்து பார்த்தான்.

அவள் பெயர் விலாசினி. நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளிக்கூடத்துக் கஞ்சிப்புரையில் சமையல் வேலை. கணவன் சசிதரன், மகளுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது வடக்கே வேலை பார்க்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினான். மூன்று கடிதங்கள் வந்தன, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. போலீசில் கொடுக்கப் பெரிதாக்கித் தரச் சொல்லி, இருந்த ஒரே படத்தைச் சாலைக் கடைத்தெருவில் ஒரு கடையில் கொடுத்தாள். வாங்கப் போனபோது கடை இருந்த இடத்தில் மண்மேடுதான் இருந்தது.

"நாலு சென்ட் இடம் அவரு பேர்ல கெடக்கு," என்றாள் விலாசினி. "பஞ்சாயத்துல வீடு கட்ட உதவி தாறாங்க. ஆனா வில்லேஜ் ஆபீசுல ஒரே பேச்சு. ஆளைக் கூட்டிட்டு வா, இல்ல மரணச் சர்ட்டிபிகேட்டைக் கொண்டு வா. ஒம்பது வருஷமாக் கேக்காங்க. முந்தாநாள் பக்கத்து வீட்டுல டி.வி. பாத்தேன். சரி, டி.வி.க்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, மாலையெல்லாம் போட்டிருக்காங்க, தேதியும் ஆஸ்பத்திரி பேரும் கேட்டுட்டு வந்திரலாம்னு..."

அது ஒரு கடைப் பரணிலிருந்து எடுத்த படம் என்பதைச் சுகதன் எப்படியோ சொல்லி முடித்தான்.

"அப்ப அவரு சாகலியா?"

"எனக்குத் தெரியாது தங்கச்சி."

"தெரியாமலா மாலை போட்டீங்க?"

அவள் கோபப்பட்டுக் கேட்கவில்லை. அதுதான் அவனை அறைந்தது போலிருந்தது. இத்தனை வருஷத்தில் பொய்ப் பாம்பு, பொய்ப் பிணம், பொய்த் தீ என்று எத்தனையோ செய்திருக்கிறான். ஒரு பொய் வாசலில் வந்து நின்று தேதி கேட்டதில்லை.

உள்ளே கூட்டிப்போய்ப் படத்தைக் காட்டினான். விலாசினி வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "கொஞ்சம் வெள்ளம்," என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு நேரமாகிறதென்று கிளம்பிவிட்டாள்.

அன்று மதியம் சுகதன் சாப்பிடவில்லை. தட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் ஆறிக்கொண்டிருக்க, ஜயதேவனிடம் போனான்.

"படத்தை மாத்தணும் சாரே."

"விளையாடுறீங்களா? முப்பத்தெட்டு எபிசோடா அந்த முகத்தைக் காட்டியிருக்கோம். ஒரே நாள்ல அப்பாவை மாத்தினா ஜனங்க விடுவாங்களா?"

"அந்த ஆளுக்குப் பொண்டாட்டி இருக்கு சாரே. வந்து தேதி கேட்டாங்க."

ஜயதேவன் சுவரில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார். கடைசியில், "முகம் தெரியாம ஏதாவது வழி இருந்தாப் பாருங்கண்ணா," என்றார்.

சுகதன் மாலையை இரட்டையாகக் கட்டி மீசை வரைக்கும் ஏற்றினான். பல்பைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான். அதன் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கண் இருக்கும் இடத்தை வெளுப்பாக்கியது. காமிராவில் பார்த்தால் யாரோ ஒரு ஆள், அவ்வளவுதான். ஆனால் முன்பே எடுத்து வைத்த காட்சிகள் இன்னும் இரண்டு வாரத்துக்கு ஓடும். அதைத் தடுக்க அவனால் முடியாது.

ஒன்பதாம் நாள் தயாரிப்பு அலுவலக போன் அடித்தது. மேனேஜர் சாப்பிடப் போயிருந்ததால் சுகதன் எடுத்தான்.

"ஷொர்ணூர்ல இருந்து பேசுதேன். சீரியல்ல ஒரு படம் மாட்டியிருக்கீங்களே, அதை எடுக்கணும்."

"யாருக்க படத்தை?"

"எனக்க படத்தை."

சுகதன் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான்.

"ஸ்டேஷன் பக்கம் டீக்கடை வச்சிருக்கேன் சாரே," என்று அந்தக் குரல் படபடத்தது. "பத்து நாளா கடைக்கு வாறவன் எல்லாம் பிரேதம் டீ ஆத்துதுங்கான். நான் சாகல. தயவுசெஞ்சு எடுத்திருங்க."

"நீங்க சசிதரனா?"

ரயில் ஒன்று கடக்கும் ஓசை மட்டும் கேட்டது. போனை வைத்துவிடுவான் என்று பயந்து, சுகதன் வாய்க்கு வந்ததைச் சொன்னான். "படத்துக்குப் பின்னால பேரு எழுதியிருக்கு. நீங்க நேர்ல வந்து ஒரு கையெழுத்துப் போட்டாத்தான் படத்தை எடுக்க முடியும். சட்டம் அப்படி. சனிக்கிழமை வாங்க."

படத்துக்குப் பின்னால் பேரும் இல்லை, அப்படி ஒரு சட்டமும் கிடையாது. கடை நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டுதான் போனை வைத்தான். அன்றே பஸ் பிடித்து நெய்யாற்றின்கரைக்குப் போனான்.

கஞ்சிப்புரையில் விலாசினி பெரிய அண்டாவில் பயறு கிளறிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் உயிரோடிருப்பதையும் ஷொர்ணூரில் டீக்கடை வைத்திருப்பதையும் சுகதன் சொன்னான். அவள் கிளறுவதை நிறுத்தவில்லை. "அடிப் பிடிச்சிரும்," என்று மட்டும் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் கரண்டி தானாக நின்றது. கருகல் வாசனை வந்த பிறகுதான் இருவருக்கும் சுரணை வந்தது. சேர்ந்து அண்டாவை இறக்கினார்கள்.

"என்னைக்கு வாறாரு?"

"சனிக்கிழமை."

"ரெண்டாம் சனியா? ரிஜிஸ்டர் ஆபீஸ் இருக்காதே. வெள்ளிக்கிழமைக்கு மாத்துங்கண்ணா."

பஸ்ஸில் வரும்போது சுகதன், இவள் அழுவாள், விழுந்தால் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் யோசித்து வந்திருந்தான்.

வெள்ளிக்கிழமை. அந்த வீட்டின் முன்னறையில் நாற்காலிகளை எதிரெதிரே போட்டு வைத்தான். எல்லோருக்கும் ஊண் சொல்லியிருந்தான். சேர்ந்து சாப்பிட்டால் மனசு இளகும் என்பது அவன் கணக்கு. காட்சிக்குத் தளத்தை ஒழுங்கு செய்வது போலத்தான் செய்தான். வேறு விதம் அவனுக்குத் தெரியாது.

சசிதரன் முதலில் வந்தான். முன்வழுக்கை, ஒட்டிய கன்னம், மீசை இல்லை. புருவத் தழும்பு மட்டும் அப்படியே. சுவரில் இருந்த தன் படத்தைப் பார்த்ததும் காலெடுத்து வைக்க முடியாமல் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். விளக்குக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு அவனையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

பின்னாலேயே விலாசினி வந்தாள். கூடவே பள்ளிச் சீருடையில் மகள் ரேஷ்மியும், கக்கத்தில் கோப்போடு ஒரு பத்திர எழுத்தரும்.

"விலாசினி..." என்றான் சசிதரன்.

"உக்காருங்க. நாலு சென்ட் எடத்தை மக பேருக்கு எழுதணும். இவரு எல்லாம் எழுதிக் கொண்டு வந்திருக்காரு. படிச்சுப் பாத்துக்கிடுங்க."

எழுத்தர் படிக்கத் தொடங்கினார். சுகதன் பார்த்து வைத்திருந்த நாற்காலிகளில் யாரும் உட்காரவில்லை.

"ஏன் வரல?" ரேஷ்மிதான் கேட்டாள். எழுத்தர் படிப்பதை நிறுத்தினார்.

சசிதரன் தரையைப் பார்த்துச் சொன்னான். "சொன்ன வேலை கெடைக்கல மோளே. வெறுங்கையோட வரக் கூச்சமா இருந்துது. அடுத்த மாசம், அடுத்த மாசம்னு தள்ளி ஒரு வருஷம் ஆச்சு. பொறவு எந்த மொகத்தோட வாறதுன்னு தெரியல."

"கூச்சமா?" என்றாள் விலாசினி.

சுகதன் வேறு என்னென்னவோ எதிர்பார்த்திருந்தான். இன்னொரு குடும்பம், ஜெயில், தீராத வியாதி. சீரியலில் என்றால் அப்படி ஏதாவது எழுதியிருப்பார்கள். பன்னிரண்டு வருஷத்துக்குக் காரணம் இவ்வளவுதான் என்பதை அவனால் நம்பவே முடியவில்லை.

"உங்க அம்மை போயி ஏழு வருஷமாச்சு," என்றாள் விலாசினி. "கடைசி ரெண்டு மாசம் வாசலுக்கு நேராத் தலை வச்சுத்தான் கெடந்தாங்க. வேற பக்கம் திருப்பிப் போட விடல."

சசிதரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். காமிரா பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜயதேவன் மெதுவாக எழுந்து வெளியே போனார். எந்தப் பொருளைக் கேட்டாலும் எடுத்து நீட்டுகிற சுகதன், அந்த நேரத்தில் என்ன நீட்டுவதென்று தெரியாமல் இரண்டு கையையும் தொங்கவிட்டு நின்றான்.

மூன்று மணிக்குள் ரிஜிஸ்டர் ஆபீசில் வேலை முடிந்தது. சாட்சிக் கையெழுத்தில் ஒன்று சுகதனுடையது. வெளியே வந்ததும் சசிதரன், "நான் இடையில வந்து பாத்துட்டுப் போகட்டா?" என்று கேட்டான். விலாசினி, "மககிட்டக் கேளுங்க," என்றாள். ரேஷ்மி அவனுக்குப் பதில் சொல்லவில்லை. சுகதன் பக்கம் திரும்பி, "மாமா, அந்தப் படத்தை நாங்க எடுத்துக்கிடலாமா?" என்றாள்.

அடுத்த வாரமே, கதையில் சித்தப்பா குடித்துவிட்டு வந்து அப்பாவின் படத்தைப் போட்டு உடைப்பதாக ஜயதேவன் ஒரு காட்சி எழுதினார். உடைக்க வேறு சட்டமும் வேறு கண்ணாடியும் சுகதன் செய்து கொடுத்தான். நிஜப் படத்தைத் துணியில் சுற்றி நெய்யாற்றின்கரைக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு ஆளை நேரில் கண்டு, சம்மதம் கேட்காமல் அவன் எந்தப் படத்துக்கும் மாலை போட்டதில்லை. அதற்காக இரண்டு தடவை ஷூட்டிங் நின்றது. "என்னால முடியாது," என்று டைரக்டர்கள் முகத்துக்கு நேரே சொன்னான்.

இரண்டு வருஷம் கழித்து விலாசினியின் புதுவீட்டுப் பால்காய்ச்சலுக்கு அழைப்பு வந்தது. சுகதன் மனைவி ஷைலஜாவோடு போனான். சின்ன வீடுதான், ஆனால் நல்ல கான்கிரீட் கூரை. சுவர்களில் அந்தப் படம் எங்காவது இருக்கிறதா என்று கண்ணால் துழாவினான். காணவில்லை. கேட்கவும் இல்லை. சாப்பிட உட்கார்ந்தபோதுதான் கடைசி வரிசையில் சசிதரனைப் பார்த்தான். யாரும் அவனிடம் பேசவில்லை, யாரும் எழுந்து போகச் சொல்லவும் இல்லை. பாயசப் பாத்திரத்தோடு வந்த ரேஷ்மி, எல்லோருக்கும் ஊற்றியது போலவே அவனுக்கும் ஒரு கரண்டி ஊற்றினாள். இரண்டடி தாண்டிப் போனவள், திரும்பி வந்து இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனாள்.

"சாப்பிடாம அங்க என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் ஷைலஜா.

"ஒண்ணுமில்ல," என்றான் சுகதன். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றிருந்தது.